குளத்து மட்டிக்கோதை வகுப்பறைக்குள் எடுத்து வாருங்கள்

வன்னிப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தரம் 9இல் படிக்கும் என் மகளிடம் முத்து எப்படி விளைகிறது என்று கேட்டேன். "சிப்பிக்குள் மணல் விழுந்து" என்று ஒரே மூச்சில் சொன்னாள். நானும் அதையே மனனம் செய்து வளர்ந்தவன். அரிப்பும் சிலாவத்துறையும் முத்துக்குளிப்பால் பேர்பெற்ற கரைகள். அவற்றின் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் மணலையே சொல்வது மனதை உறுத்துகிறது.

ஆவணியில் குளம் வற்றியதும் அவளைக் கூட்டிப்போனேன். வெடித்த சேற்றில் மட்டிக்கோதுகள் கிடந்தன. வெளிப்புறம் கரும்பழுப்பு. உள்ளே வெள்ளி மினுக்கம், சற்றுச் சாய்த்தால் இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடின. வீட்டில் ஒரு கோதின் மேல் தேசிக்காய்ப் புளி விட்டோம். நுரைத்தது, கோது சுண்ணாம்புப் பொருளான கல்சியம் காபனேற்று என்பதால். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு சுடுவதும் சிப்பிக்கோதில்தானே!

அந்த மினுக்கத்தைக் கட்டுவது மட்டியின் உடலைப் போர்த்திய மென்மூடி. கைற்றினும் (பூச்சிகளின் மேலோட்டிலும் உள்ள பொருள்) புரதமும் சேர்ந்த சவ்வுகளை அது விரிக்க, அவற்றின் இடையில் கல்சியம் காபனேற்று அரகோனைட்டு என்ற பளிங்கு வடிவில் தகடுகளாகப் படிகிறது. தகடொன்றின் தடிப்பு அரை மைக்ரோமீற்றர் அளவு. ஒரு மில்லிமீற்றருக்குள் ஏறத்தாழ 2000 அடுக்குகள்! ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய தடிப்பு என்பதால், அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகிறது. சாயம் ஒரு துளியும் இல்லை. எடையில் ஏறக்குறைய 95 வீதம் கனிமம், மிச்சம் சவ்வு. அந்தச் சிறு பங்குதான் வெடிப்பை வழிமறித்து வளைத்துவிடுகிறது. வெறும் அரகோனைட்டோ சட்டென்று நொறுங்கிவிடும்.

முத்தும் இதே படைதான். ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ மென்மூடியின் கலங்கள் சில உடலின் உள்ளே தள்ளப்படும். அவை பையாகச் சூழ்ந்து, கோதில் படிவித்ததையே உருண்டையாகப் படிவிக்கும். சேற்றுக்குள் புதைந்தே வாழும் மட்டிக்கு மணல் என்ன புதிதா? ஒவ்வொரு மணலும் முத்தானால் நம் குளங்களெல்லாம் முத்தாகவே கிடக்கும்.

ஆகவே ஒன்று கேட்கிறேன். மெல்லுடலிகள் பாடத்தைத் தொடங்குமுன் பிள்ளைகளைக் குளக்கட்டுக்குக் கூட்டிப்போங்கள். வெறுங்கோதை மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள். உயிருள்ள மட்டி தண்ணீரை வடித்துத் தெளியவைக்கிறது, அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். குளம் நிறைந்திருக்கும் மாதங்களில் பாடம் வந்தால் கவலை வேண்டாம். நாங்கள் பொறுக்கிக் கழுவி உலர்த்திய கோதுகள் வீட்டில் ஒரு சாக்கு இருக்கின்றன. கேட்கும் பாடசாலைக்கு நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
வன்னியிலிருந்து ஒரு தகப்பன்