ஆடிப்பெருக்குக்கு மறுநாள் ஆற்றில் இறங்கிய எல்லோருக்கும் நன்றி

ஊத்தங்கரை பக்கம் இருக்கிற அனுமன்தீர்த்தத்தில் கூட்டம் கலைந்த மறுநாள் காலையில் தென்பெண்ணைக் கரைக்கு வந்து, கடலுக்குப் போவதற்குள் குப்பையை அள்ளிய அத்தனை பேருக்கும் வணக்கம். வேலை முடிந்ததும் பாதிப்பேர் அப்படியே கிளம்பிவிட்டீர்கள், நேரில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தூய்மைப் பணியாளர் அக்காக்களுக்கு. ஆற்றில் விட்ட புடவையையும் வேட்டியையும் வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து பாதி மணலுக்குள்ளேயே நின்றுவிடும், கையால் மணலை விலக்கிச் சுருட்டிச் சுருட்டி எடுக்கணும் என்று எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது நீங்கள்தான். கிடைத்த துணியில் முக்கால்வாசி பாலியஸ்டர். அது மக்காது, நூல் நூலாகப் பிரிந்து, கடைசியில் மீன் விழுங்குகிற அளவுக்குப் பொடியாகும்.

கடலே இல்லாத ஊரில் கடலுக்காக எதற்கு இந்த வேலை என்று சிலர் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் நந்தி மலைப் பக்கம் பிறந்து கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை என்று வந்து நம்மைத் தாண்டிப் போகிற இந்த ஆறு, கடலூர் தாழங்குடா பக்கம்தான் கடலில் சேர்கிறது. நடுவில் சாத்தனூர் அணை தடுத்துவிடாதா? சாதாரண நாளில் கொஞ்சம் தடுக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டி, நிறுத்தியிருந்த வேன்களே உருண்டு போனதைப் பார்த்தோமே, அன்று சாத்தனூரில் ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். அந்த வெள்ளத்தில் ஷாம்பு பாக்கெட் எங்கே நிற்கப் போகிறது?

இதைச் சொல்லவே தாழங்குடாவிலிருந்து பஸ் ஏறி வந்த மீனவ அண்ணன்களுக்குத் தனியாக ஒரு நன்றி. "வெள்ளம் வடிஞ்சா வலையில மீனுக்கு முன்னால குப்பைதான் வருது, அதப் பிரிச்சு எடுக்கவே பொழுது போயிடுது, வலையும் கிழியுது" என்று நீங்கள் சொன்னபோது சுற்றி நின்றவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. தை, மாசியில் முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமை, மிதக்கிற கவரைச் சொறி மீன் (ஜெல்லி மீன்) என்று நினைத்துத் தின்றுவிடும் என்பதும் எங்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்புறம் என்.எஸ்.எஸ். பிள்ளைகள். பாட்டில், துணி, கண்ணாடி, பாக்கெட் என்று பிரித்துக் கட்டிய மூட்டைகளை வந்து பார்த்த பழைய பேப்பர் கடைக்காரர், இவ்வளவு சுத்தமாக வந்தால் இன்னும் கூடவே விலை தரலாம் என்றார். பாக்கெட்டை மட்டும் யாரும் வாங்கமாட்டார்கள், அதை சிமென்ட் ஆலைக்கு எரிக்க அனுப்புவதாக ஊராட்சியில் பொறுப்பேற்றுக்கொண்டார்கள், அவர்களுக்கும் நன்றி. துணியைத் தண்ணீரில் விடாதீர்கள், தொட்டியில் போடுங்கள் என்று மைக்கில் விடாமல் சொன்ன கோயில்காரர்களுக்கும், 2019-லேயே தடை வந்தும் இன்னும் கவர் புழங்குகிற திருவிழாவில் தேங்காய் பழத்தை வாழை இலையில் மட்டுமே கட்டிக்கொடுத்த பூக்காரம்மாவுக்கும் எவ்வளவு சொன்னாலும் போதாது.

டீசல் காசுகூட வாங்காத டிராக்டர்கார அண்ணனே, பாலத்துக்குக் கீழே முள்ளில் சிக்கியிருப்பதை இன்னும் எடுக்கவில்லை. தண்ணீர் குறைந்ததும் வண்டி தருவதாக நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், கையுறையும் மிச்ச சாக்கும் என்னிடம்தான் இருக்கின்றன, நாள் குறித்ததும் எல்லோருக்கும் தகவல் சொல்கிறேன்.