ஹெரால்டின் முன்காலுக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

தாத்தாவின் பழைய கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன ஞாயிற்றுக்கிழமை திருநகரிலிருந்து அழகர்கோவில் வரை போய், சொந்தக் காலிலேயே திரும்பி வந்துவிட்டது. சக்கரம் ஆடவில்லை, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கவில்லை. நேரில் நன்றி சொன்னால் "அட போப்பா" என்று கையை வீசிவிடுவீர்கள், அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். சரி, யார் பெயரும் இல்லை.

முதலில் பழங்காநத்தம் பட்டறை பாய். முன்சக்கர இணைப்புகளில் கருவாடாகக் காய்ந்திருந்த ரப்பர் வளையங்களை, அதாவது புஷ்களை, மாற்றத்தான் அவரிடம் போனேன். அவரோ டிரன்னியனைக் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டேன் என்றார். ஹெரால்டின் முன்சக்கரத்தில் கீழே பால் ஜாயிண்ட் என்கிற உருண்டை மூட்டு கிடையாது. நிற்கிற எஃகுத் தண்டின் மரை ஒரு பித்தளைக் கட்டைக்குள் ஏறியிருக்கும்; அந்தக் கட்டைதான் டிரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் அந்த மரையில்தான் திரும்பும். மாசி வீதிச் சந்துகளில் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுகிற வண்டி என்று தாத்தா பீற்றிக்கொள்வார். அந்தத் திருப்பமெல்லாம் இந்த மரையின் தலையில்தான். இதற்கு விட வேண்டியது 90-ஆம் நம்பர் கியர் ஆயில். எங்கள் வண்டிக்கு வருஷக்கணக்கில் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். எந்தப் பட்டறை என்று சொல்லப் போவதில்லை, அங்கே கொண்டுபோய் விட்டதே நாங்கள்தானே. கிரீஸ் மேலேயே இறுகிப்போய், அடி மரைக்குள் தண்ணீர் தங்கிவிட்டது. பாய் இடது தண்டைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். நகத்தால் சுரண்டினால் துரு பொரிப்பொரியாக உதிர்ந்தது. அதற்கு அடியில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"ஓடும்போது முறிஞ்சிருந்தா சக்கரம் வண்டிக்கடியில மடங்கியிருக்கும் தம்பி" என்றார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வில்லாபுரம் லேத் அண்ணனுக்கு நன்றியோடு ஒரு மன்னிப்பும். வெல்டு வைத்துப் புது மரை போட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சினேன். "காசு வர்ற வேலைதான், ஆனா நான் செய்யமாட்டேன்" என்றார். முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் அவரே போன் போட்டு, தேனியில் ஒரு பெரியவரிடம் ஹெரால்டு சாமான் இருப்பதாகச் சொன்னார். இந்த வண்டி சென்னையில் செய்யப்பட்டது, சாமான் கிடைக்கும் என்று அலட்சியமாக இருந்தவன் நான். பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்த இரண்டு தண்டையும் இரண்டு பித்தளைக் கட்டையையும் எடுத்துக் கொடுத்த அந்தப் பெரியவர், பணம் வாங்கவே இல்லை. "மதுரையிலிருந்துதானே வர்றே, அடுத்த தடவை அரைக்கிலோ மல்லி கொண்டா" என்றதோடு சரி.

எதிர்வீட்டு மாமா பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காயில் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமல் ஷாக் அப்சார்பரின் மேல் நட்டில் கை வைக்கப் போனவனைப் பிடித்து இழுத்தவர் அவர். தண்டுகளில் ஒன்று வலமரை, மற்றது இடமரை. அது தெரியாமல் அரைமணி நேரம் நான் திருகிக்கொண்டிருந்ததைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் எழுந்து வந்தார். முழுக்க ஏற்றிவிட்டு, சக்கரம் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்புகிற அளவுக்குக் கொஞ்சம் பின்னால் திருப்பி வைக்கச் சொன்னதும் அவர்தான்.

கடைசியாக நம் தெருப் பெண்களுக்கு. ஜாக்கியில் வண்டி தொங்கும்போது புஷ் போல்ட்டை முறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டி தரையில் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு. பாரத்துக்கு மணல் மூட்டை தேடினேன். "நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று டீச்சரம்மா, மதினி, அத்தை மூவரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஹெரால்டின் பானெட் முன்பக்கமாக மொத்தமாகக் கவிழும், டயருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நான் ஸ்பானரோடு மல்லுக்கட்ட, உள்ளே முறுக்கு நொறுங்கும் சத்தம்.

முடிந்ததும் இறங்கச் சொன்னேன். "ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து இறங்குறோம்" என்றார் டீச்சரம்மா. பானெட்டைக்கூட இன்னும் மூடியிருக்கவில்லை.