அந்தச் சிற்பியின் கைகளைத் திருப்பிக் கொடுங்கள்

ஐரோப்பிய ஓவியம் பற்றிய பாடநூலை வெளியிட்டிருக்கும் பதிப்பாசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் நூலின் புதிய பதிப்பில் ஸ்பானிய ஓவிய அத்தியாயத்தின் முகப்புப் படம் எது என்று உங்களுக்கே தெரியும். நரைத்த தாடி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, கறுப்பு உடை. கீழே ‘ஒரு முதியவர், எண்ணெய் வண்ணம்’ என்று ஒரே வரி. முந்தைய பதிப்பில் முழுப் படம் இருந்தது. கேட்டு எழுதியதற்கு, பக்க வடிவமைப்புக்காக வெட்டினோம் என்று பதில் வந்தது. அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

அவர் பெயரில்லாத முதியவர் அல்ல. செவில் நகரத்துச் சிற்பி ஹுவான் மார்த்தினெஸ் மொன்தான்யெஸ். வரைந்தவர் ஸ்பெயினின் அரசவை ஓவியர் தியேகோ வெலாஸ்கெஸ். வெலாஸ்கெஸின் குருவும் மாமனாருமான பச்சேக்கோ, இந்தச் சிற்பியின் மரச் சிலைகளுக்கு வண்ணம் பூசியவர். 1635இல் மொன்தான்யெஸை மாட்ரிட் அரண்மனைக்கு அழைத்தார்கள். ஸ்பானிய மன்னர் நான்காம் பிலிப் குதிரை மேல் இருக்கும் சிலையை, இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பியெத்ரோ தாக்கா என்ற சிற்பி வார்க்கவிருந்தார். அதற்கு மாதிரியாக மன்னரின் தலையை மொன்தான்யெஸ் களிமண்ணில் செய்து தர வேண்டும். அப்போது சிற்பிக்கு 67 வயது இருக்கும். அந்த வேலையில் இருக்கும்போதுதான் வெலாஸ்கெஸ் அவரை வரைந்திருக்கிறார். படம் இன்று மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீங்கள் வெட்டி எறிந்தது அந்த வேலையைத்தான். முழுப் படத்தில் அவர் கையில் மண்ணை வழிக்கும் குச்சி இருக்கும். பக்கத்தில் மன்னரின் தலை, வெறும் கேன்வாஸ் மேல் சில கோடுகளாக மட்டும். வெலாஸ்கெஸ் அதை முடிக்க முடியாமல் விட்டாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று இன்றும் பேசுகிறார்கள். எப்படியானாலும், மன்னர் அரைகுறைக் கோடாக நிற்க, உழைக்கிற கிழவரின் முகம் சுருக்கம் சுருக்கமாக முழுமை பெற்றிருக்கிறது. அந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

மிச்சம் என்னவென்று வகுப்பில் பார்த்துவிட்டேன். “பாதிரியாரா சார்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. நன்றாக வரைகிற பிள்ளை. கறுப்பு உடையைப் பார்த்துச் சொல்கிறாள், அவள் மேல் என்ன தப்பு? களிமண்ணில் கை வைத்துப் பழகும் பிள்ளைகளுக்கு, தங்கள் தொழிலைச் செய்த ஒருவரின் முகத்தைக் காட்டி, அவர் தொழிலை மறைத்துவிட்டீர்கள்.

முழுப் படத்தையும் போடுங்கள், பெயரோடு போடுங்கள் என்பதுதான் கோரிக்கை. அதே அத்தியாயத்தில் மன்னர்கள் எல்லாருக்கும் பெயர், பட்டம், ஆண்டு என எல்லாம் இருக்கிறது. உழைத்தவர்கள் மட்டும் ‘முதியவர்’, ‘பெண்’, ‘கூலியாள்’. எத்தனை நூல்களில் இதைப் பார்த்தாயிற்று! கோபம் வருகிறது ஐயா.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த அச்சில் படத்தை வெட்டாமல், சிற்பி பெயர், ஓவியர் பெயர், ஆண்டு, இருக்கும் இடம் எல்லாவற்றோடும் வெளியிடுங்கள். அதுவரை, ஏற்கெனவே விற்ற பிரதிகளுக்காக முழுப் படத்தை வண்ணத்தில் ஒரு தனித்தாளாக அச்சிட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்பிவையுங்கள். தயவுசெய்து இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்