தொப்புள்கொடிக்கு வலப்பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயிற்றில் வளரும் குழந்தைக்குக் 'குடல் வெளியே இருக்கிறது' என்று ஸ்கேனில் தெரிந்துகொண்ட ஒரு தாயைப் பற்றி உங்கள் மகளிர் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அது இரண்டு வகையில் எந்த வகை என்று மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

எனக்கு 20ஆவது வாரத்து ஸ்கேனில் தெரிந்தது. அதுவரை பேசிக்கொண்டிருந்த டாக்டர் சட்டென்று மௌனமாகி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். குழந்தையின் வயிற்றுக்கு முன்னால் சின்னச் சின்ன வளையங்களாக ஏதோ மிதந்தது. அன்று சாயங்காலமே உறவில் இருவர் 'கலைத்துவிடு' என்றார்கள்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் ரிப்போர்ட்டின் பின்பக்கம் பேனாவால் இரண்டு படம் வரைந்தார். ஒன்றில் தொப்புள்கொடிக்கு வலப்பக்கம் ஒரு ஓட்டை. குடல் எந்த மூடலும் இல்லாமல் பனிக்குட நீரில் மிதக்கிறது. இது கேஸ்ட்ரோஸ்கைசிஸ். பெரும்பாலும் குழந்தைக்கு வேறு பெரிய குறை இருக்காது. மற்றொன்றில் குடல், சில நேரம் கல்லீரலும், சவ்வுப் பைக்குள் கொடியின் அடியிலேயே இருக்கும். அது ஓம்ஃபலோசீல். இதில் இருதயத்தையும் குரோமோசோமையும் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரே இரவில் முடிவெடுத்தால் எப்படி?

(என் தங்கைக்கு 10ஆவது வாரத்திலேயே குடல் கொடிக்குள் தெரிந்து, வீடே அழுதது. அந்த வாரத்தில் எல்லாக் கருவுக்கும் அப்படித்தான். 12ஆவது வாரத்துக்குள் தானாக உள்ளே போய்விடும். போய்விட்டது.)

எங்களுக்கு முதல் வகை. குழந்தை அறுவை டாக்டர்கள் அதே கட்டடத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தோம். இதற்காகவே சிசேரியன் தேவையில்லை என்றார்கள், சுகப்பிரசவம்தான். பிறந்த உடனே சூடும் ஈரமும் போகாதபடி குழந்தையை மார்பு வரை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார்கள். அப்புறம் குடலை ஒரு சிலிக்கோன் பையில் போட்டு மேலே தொங்கவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கினார்கள். ஆறாம் நாள் வயிற்றை மூடினார்கள். மூடியதோடு முடியவில்லை. குடல் வேலை செய்யத் தொடங்கும்வரை உணவெல்லாம் நரம்பு வழியாகத்தான். முதன்முதலில் கொடுத்த பால் ஒரு மில்லி. அதைக் குழாயில் விட்டுவிட்டு, வாந்தி எடுக்கிறானா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால் அந்த இரண்டு படங்களையும் போடுங்கள். டாக்டர் வரைந்த தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி