மெமரி போயத்தை நம்பிப் பட்டியல் போடாதீர்கள்

வடசென்னைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மீத்திறன் மாணவர் பட்டியலில், மெமரி போயத்தைத் தடங்கலின்றி ஒப்பிக்கும் பிள்ளையின் பெயர்தான் முதலில் ஏறுகிறது. அந்தப் பிள்ளையின் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். பல நேரம் ஆங்கில வரிக்கு மேலே பென்சிலில் அதன் உச்சரிப்பு தமிழ் எழுத்தில் இருக்கும். ஒப்பித்தது அதைத்தான். பன்றிக்கான ஆங்கிலச் சொல்லும் பெரியது என்பதற்கான சொல்லும் தமிழில் ஒரே ‘பிக்’. நினைவாற்றல் உள்ள பிள்ளை இந்த உத்தியிலேயே சில வகுப்புகள் ஓட்டிவிடும். பாடம் நீண்டதும் மாட்டிக்கொள்ளும்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். பாடப்புத்தகத்தில் இல்லாத 100 சொல் பத்தி ஒன்றைக் கொடுத்து, தெரியாத சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு என்றால் தனியே படிக்கலாம். ஐந்தாறு என்றால் பக்கத்தில் ஆள் வேண்டும். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகமே வேண்டாம். பிறகு படித்ததைத் தமிழில் சொல்லட்டும். கொருக்குப்பேட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளையா? தெலுங்கிலேயே சொல்லட்டும்.

‘டீச்ட்’, ‘பிரிங்ட்’ என்று எழுதும் பிள்ளைக்கு இம்போசிஷன் கொடுக்கிறோமே, அது எந்தக் கைடிலும் இல்லாத வடிவம். இறந்தகால விதியைத் தானே பிடித்து நீட்டியிருக்கிறது. பட்டியலில் ஏற வேண்டியது இந்தப் பெயர். பிரிங்–பிராட், பை–பாட், திங்க்–தாட், டீச்–டாட் என்று விலகும் சொற்களை ஒரே கூட்டமாகக் காட்டினால் போதும்.

கணக்கில் சூரன், ஆங்கில வகுப்பில் ஊமை என்றால் அவசரப்படாதீர்கள். கனடாவின் டொரான்டோவில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1981இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாடநூல் ஆங்கிலத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழாண்டு ஆகிறது. சுற்றிலும் ஆங்கிலம் ஒலிக்கும் ஊரிலேயே அப்படி. இங்கே நாளுக்கு ஒரு பீரியட். அதுவரை இந்தக் கணக்குச் சூரர்களின் திறமையைத் தமிழ்வழிக் கணக்கிலும் புதிரிலும் பாருங்கள்.

காப்பி எழுதும் நேரத்தை மீத்திறன் பிள்ளைகளுக்கு வாசிப்பாக மாற்றுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகக் கிடைக்கும். தமிழை முதலில் படிக்கட்டும்.

அந்தப் பென்சில் எழுத்தை ஒரேயடியாக அழிக்க வைக்காதீர்கள், வாய் அடைத்துவிடும். முதலில் தெரிந்த சொற்களுக்கு மேலே உள்ளதை மட்டும் பிள்ளையே அழிக்கட்டும். மற்றது வாரத்துக்கு இரண்டு வரியாகப் போகட்டும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வட்டாரத்தில் ஆங்கிலம் கற்பிப்போர்