வாசலில் பலகை மாட்டுங்கள்: எங்கள் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுவினருக்கு வணக்கம்.

பொங்கல் விழாவுக்கு இடுப்பில் துப்பாக்கியோடு வந்தது நான்தான். மறுநாள் நீங்கள் அனுப்பிய செய்தியில் "ஒரு சிலரின் செயல் வருத்தமளிக்கிறது" என்று இருந்தது. ஒரு சிலர் இல்லை, நான் ஒருத்தன்தான். பெயரைச் சொல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிட்டீர்கள். அதனால் நானும் எல்லோரும் படிக்கிற மாதிரியே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஊரில் நான் துப்பாக்கியைப் பக்கத்தில் பார்த்ததெல்லாம் வங்கி வாசலில்தான். காவலர் இரட்டைக்குழலை மடியில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் தூங்குவார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் இந்த டாலஸுக்கு வந்து பல வருடம் வரை எனக்குத் துப்பாக்கி வாங்கும் நினைப்பே கிடையாது. 2023 மே 6 அன்று டாலஸுக்குப் பக்கத்தில் ஆலன் ஊரில் இருக்கும் மாலில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர் இந்தியாவிலிருந்து வந்த இளம்பெண் பொறியாளர். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அதே மாலில் என் மகளுக்கு ஷூ வாங்கியிருந்தோம். கிரீன் கார்டு கையில் இருந்தது, போய் வாங்கிவிட்டேன்.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில், சட்டம் விலக்கி வைக்காத 21 வயதானவர் யாரும் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை ஹோல்ஸ்டரில், அதாவது இடுப்பு உறையில், மாட்டிக்கொண்டு வெளியே போகலாம். ஆனாலும் நான் உரிமம் எடுத்தேன். வகுப்பில் உட்கார்ந்து, 3 கெஜம், 7 கெஜம், 15 கெஜம் தூரத்தில் 50 தோட்டா சுட்டுக் காட்ட வேண்டும். 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. நான் 231. சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் பெருமைதான், மன்னிக்கவும்.

அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் அது வீட்டுப் பெட்டகத்தில்தான் இருந்தது. வெளிப்படையாக மாட்டிக்கொண்டு ஆட்கள் நடுவில் நான் நடந்த முதல் நாள் உங்கள் பொங்கல் விழா. வேறு நல்ல நாள் பார்த்திருக்கலாம் என்று என் மனைவி சொன்னது சரிதான். வேட்டி கட்டத்தான் ஆசை. தோட்டாவோடு சேர்த்து முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் வரும் ஒன்றை வேட்டி தாங்காது. ஊர்ப் பச்சை பெல்ட்டில் ஹோல்ஸ்டர் நிற்காது. அதனால் ஜீன்ஸ், தடித்த தோல் பெல்ட். பொங்கலுக்கு ஜீன்ஸ் போட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வாசலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சந்தனம் வைத்தார்கள், கல்கண்டு கொடுத்தார்கள். வரவேற்பில் இருந்த தம்பியின் கண் ஒரு தரம் இடுப்புக்குப் போய் மேலே வந்தது. "வாங்கண்ணா" என்றார். அவ்வளவுதான்.

உள்ளே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக என் ஹோல்ஸ்டர் இருக்கும் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. அது பொத்தானை அழுத்தாமல் துப்பாக்கியை விடாது. இருந்தாலும் வலது முழங்கையை அதன் மேல் அழுத்தியபடியே மூன்று மணி நேரம் நின்றேன். பரதநாட்டியம் முடிந்து எல்லோரும் கைதட்டியபோது நான் தட்டவில்லை. இடது கையில் தட்டு, வலது கையில் பொங்கல் என்று ஆனதும் இடுப்பைக் காக்கக் கை இல்லை. சுவரில் வலது பக்கத்தைச் சாய்த்துக்கொண்டு சாப்பிட்டேன். பாதுகாப்புக்காக வாங்கிய பொருளுக்கு நான் காவல்!

நண்பர் ஒருவர் வந்து, "காட்டேன், ஒரு தரம் பிடிச்சுப் பாக்கறேன்" என்றார். அவர் எச்-1பி என்கிற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாக்காரர் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். கையில் வாங்கிப் பார்ப்பதுகூட வம்பில் கொண்டுபோய் விடும். மாணவர் விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும், பேரன் பேத்தியைப் பார்க்க வந்த பெற்றோருக்கும் இதே கதைதான். அந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு என் இடுப்பில் இருந்ததைத் தொடவே வழியில்லை. இதை நான் முன்பே யோசித்திருக்கவில்லை.

என்னை உறைய வைத்தது சாப்பாட்டு வரிசை. நம் ஆட்கள் வரிசையில் நின்றால் நடுவே காற்று போகாது. முன்னால் நிற்பவர் முதுகில் நம் தட்டு இடிக்கும். அன்று எனக்குப் பின்னால் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், தோளில் துண்டு, கையில் பேத்தி. ஆறடி தள்ளி நின்றார். நான் நகர்ந்தால் அவர் நகர்வார், ஆனால் அந்த ஆறடி குறையவே இல்லை. நடுவில் புகுந்துகொள்ளக்கூட யாரும் வரவில்லை. நான் திரும்பிச் சிரித்தேன். அவரும் சிரித்தார், பேத்தியை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

என்னை நம்பும்படி அந்தப் பெரியவரிடம் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சட்டம் கொடுத்த உரிமை இருக்கிறது. அது அவரை வரிசையில் ஒட்டி நிற்க வைக்காது.

இனி உங்கள் பக்கம். டெக்சாஸில் கைத்துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துச் செல்ல 1871இல் தடை வந்தது. 2016 ஜனவரி 1 அன்றுதான் உரிமம் உள்ளவர்களுக்கு அது நீங்கியது. அப்படித் திறந்துவிட்ட அதே சட்டம், தன் இடத்தில் வேண்டாம் என்று சொல்ல ஒரு வழியையும் கொடுத்தது. அதுதான் 30.07 பலகை; எண், சட்டப் பிரிவின் எண். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில், எல்லா நுழைவாயிலிலும் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். கறிக்கடையில் ஒட்டுகிற, குறுக்கே கோடு போட்ட துப்பாக்கிப் படம் போதாது. மறைத்து எடுத்து வருபவர்களுக்கு 30.06, உரிமமே இல்லாதவர்களுக்கு 30.05 என்று தனித்தனிப் பலகைகள் உண்டு. மூன்றையும் மாட்டுங்கள். ஏனென்றால் என் துப்பாக்கி கண்ணில் பட்டது, அவ்வளவுதான். டெக்சாஸில் மறைத்து வைக்க உரிமம் கொடுக்க ஆரம்பித்து முப்பது வருடம் ஆகிறது. நம் கூட்டத்தில் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

எச்-இ-பி மளிகைக் கடைகள் 2016இலேயே அந்தப் பலகையை வாசலில் மாட்டிவிட்டன. அங்கே யாரும் வருத்தம் தெரிவித்துச் செய்தி அனுப்புவதில்லை. வாசலில் படிக்கிறோம், விட்டுவிட்டுப் போகிறோம்.

பலகைகூட வேண்டாம். வாயால் சொன்னாலே சட்டப்படி அறிவிப்புதான். பலகையை மீறினால் 200 டாலர் வரை அபராதம். நேரில் சொன்ன பிறகும் போகாவிட்டால் சிறைவரை போகும். சந்தனம் வைத்த தம்பி, "அண்ணா, இதை வெளிய வச்சுட்டு வாங்களேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் திரும்பிப் போயிருப்பேன். முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு வராது. முதுகுக்குப் பின்னால் நாலு நாள் பேசுவோம். எனக்கும் அதே வியாதி உண்டு, அதனால் குறையாகச் சொல்லவில்லை.

தமிழ்ப் பள்ளி நடக்கும் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே சட்டமே தடுக்கிறது. தனியார் மண்டபத்தில் நடக்கும் விழாக்களுக்குத்தான் நீங்கள் மண்டபக்காரரிடம் பேசி முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவை அழைப்பிதழிலேயே போடுங்கள், "வெளி உணவுக்கு அனுமதி இல்லை" என்பதற்குப் பக்கத்தில். வாசலுக்கு வந்த பிறகு சொன்னால் ஆள் அதைக் காரில் வைத்துவிட்டு வருவார். கார் கண்ணாடியை உடைப்பவனுக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது. முன்பே தெரிந்தால் வீட்டிலேயே இருக்கும்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். துப்பாக்கியை வைத்துவிட்டு வா என்று சொல்பவர்கள் வாசலில் யார் நிற்பார் என்றும் சொல்ல வேண்டும். ஆலன் மாலில் அந்தக் கொலைகாரனைச் சுட்டு நிறுத்தியது வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஒரு போலீஸ்காரர். பணிநேரம் முடிந்த போலீஸ்காரரைச் சம்பளம் கொடுத்து நிகழ்ச்சிக்கு அமர்த்துவது இங்கே சாதாரணம். டி.ஜே.வுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான் துப்பாக்கியை விற்கப் போவதில்லை. பலகை இருந்தால் கொண்டுவர மாட்டேன். பலகை இல்லாவிட்டாலும் அடுத்த விழாவுக்குக் கொண்டுவர மாட்டேன், அது என் முடிவு. ஆனால் அடுத்து வரப்போகிறவர் நானாக இருக்க மாட்டார்.

சித்திரை விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் கூட்டம் போடுங்கள். மூன்று பலகைக்கும் நான் பணம் தருகிறேன், ஏணியையும் கொண்டுவருகிறேன். பக்கத்தில் தனி அட்டையில் தமிழிலும் ஒரு வரி எழுதி மாட்டிவிடலாம், அந்தப் பெரியவர் படிப்பதற்கு.

இப்படிக்கு,
அன்று வேட்டி கட்டாமல் வந்த உறுப்பினர்