வராங்கரில் நரிக்குச் சோறு வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோர்வேயின் வடகிழக்கு மூலையில் இருக்கும் வராங்கர் தீபகற்பம் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் வாசித்தேன். நள்ளிரவிலும் மறையாத சூரியன், ஹாம்னிங்பெர்க் வரை கடலோரமாகப் போகும் வீதி, அதன் ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் கூரிய பாறைகள் எல்லாவற்றையும் எழுதியவர் மனமார ரசித்திருக்கிறார். தமிழில் இப்படியொரு கட்டுரை வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. என்னை எழுத வைத்தவை அதிலுள்ள ஒரு பத்தியும் ஒரு படமும். கார் அருகே வந்து நின்ற ஆர்க்டிக் நரிக்குத் தாம் கொண்டுபோன சோற்றையும் கோழி இறைச்சியையும் வைத்ததாகவும், அது பயமில்லாமல் தின்றதாகவும் எழுதியிருக்கிறார். போகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகும்படி வாசகர்களுக்குச் சொல்லவும் செய்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

படத்தில் இருப்பது ஆர்க்டிக் நரி அல்ல. கால்களில் கறுப்பு, வால் நுனியில் வெள்ளை, அது செந்நரி. ஆர்க்டிக் நரி உருவத்தில் சிறியது, காதும் சிறியது. கோடையில் அதன் முதுகு மண்ணிறமாகவும் வயிறு வெளிறியும் இருக்கும். பெயர் மாறிப்போனது பெரிய குற்றமில்லை. அந்தச் சோறு எதன் வயிற்றுக்குப் போனது என்பதுதான் என் கவலை. வராங்கரில் ஆர்க்டிக் நரி அருகிப்போனதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, இந்தச் செந்நரி அங்கே பெருகியது.

செந்நரி தெற்கிலிருந்து ஏறி வந்தது. ஆர்க்டிக் நரியைவிட வலியது. வளையைப் பறித்துக்கொள்ளும், குட்டிகளைக் கொல்லும். துந்திரா என்னும் மரமில்லாத குளிர்நிலத்தின் நெடிய பனிக்காலத்தில் முன்பெல்லாம் அதற்குத் தின்ன அதிகம் கிடைக்காது. பசிதான் அதைத் தடுத்துவைத்திருந்த வேலி. அந்த வேலி இப்போது விழுந்துகொண்டிருக்கிறது. பனிக்காலத்தின் நடுவில் மழை பெய்கிறது. பெய்த நீர் பனியின்மேல் உறைந்து கெட்டியான ஓடாகிவிடுகிறது. பனிக்கு அடியில் வாழும் லெமிங் என்னும் எலி போன்ற சிறு பிராணிகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகுவது வழக்கம். அந்தப் பெருக்கத்தை நம்பித்தான் ஆர்க்டிக் நரி நிறையக் குட்டி போடும். பனி ஓடாக இறுகிய ஆண்டில் லெமிங் பெருகாது. பனிமான்களும் பனியைக் கிளறி, தரையிலும் கல்லிலும் பாசிபோல் படரும் லைக்கனைத் தின்ன வழியின்றிச் சாகின்றன. செத்த பனிமான் செந்நரிக்கு இரை. மனிதர் விட்டுப்போகும் மிச்சமும் அதோடு சேர்ந்தால், முன்பு பட்டினியில் மடிந்திருக்கக்கூடிய செந்நரி அடுத்த வசந்தத்தையும் பார்க்கிறது. அப்போது அது ஆர்க்டிக் நரியின் வளை வாசலில் நிற்கும்.

நோர்வே 1930இலேயே ஆர்க்டிக் நரி வேட்டையைத் தடை செய்தது. தோலுக்காக நடந்த வேட்டை நின்ற பிறகும் அதன் எண்ணிக்கை மீளவில்லை. 2005 முதல் வராங்கரில் செந்நரிகளைச் சுட்டுக் குறைத்து வருகிறார்கள். அதுவும் போதாமல், நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஓர் இனப்பெருக்க நிலையத்தில் பிறந்த குட்டிகளை 2018 முதல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். அந்த நரிகளுக்கு உணவும் வைக்கிறார்கள். ஆனால் அதை வைப்பது செந்நரி நுழைய முடியாத குறுகிய வாசல் கொண்ட பெட்டிகளில். அவ்வளவு யோசித்து, பொதுப்பணத்தைச் செலவழித்து, வேட்டைக்காரரும் ஆய்வாளரும் பனியில் அலைந்து செய்யும் வேலையை வீதியோரத்தில் வைக்கும் ஒரு பிடி சோறு குலைக்கிறது.

காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பிடும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். வாயில்லாச் சீவன் ஒன்று முன்னால் வந்து நின்றால் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட நமக்கு மனம் வராது. கட்டுரையாளரின் அந்த மனத்தை நான் மதிக்கிறேன்; ஆகவேதான் கோபப்படாமல் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து முற்றத்தில் புண்ணியமாக இருப்பது வராங்கரில் இன்னோர் உயிருக்குக் கேடாக முடிகிறது. மிஞ்சிய சோற்றைப் பெட்டியிலே போட்டு மூடித் திரும்பக் கொண்டுவாருங்கள். தோடம்பழத் தோலைக்கூட எறியாதீர்கள். அந்தக் குளிரில் அது உக்குவதற்கு நெடுங்காலம் எடுக்கும்.

இன்னொன்று. ஆர்க்டிக் நரி வளை இருக்கும் பள்ளத்தாக்கின் பெயரையும், எந்த இடத்தில் காரை நிறுத்தி எப்படி நடப்பது என்பதையும் அச்சிட்டுவிட்டீர்கள். ஒரு நல்ல வளையைத் தலைமுறை தலைமுறையாக நரிகள் பயன்படுத்தும். எச்சமும் எலும்பும் உரமாகி வளையைச் சுற்றிப் புல் பச்சையாக வளர்ந்திருக்கும். தேடிப் போகிறவருக்குத் தூரத்திலேயே தெரியும். ஆட்கள் கூடினால் தாய் குட்டிகளை இடம் மாற்ற முயலும், அல்லது இரை தேடப் போகாமல் பதுங்கிக் கிடக்கும். மறுபதிப்பிலும் இணையப் பதிப்பிலும் அந்த வரிகளை நீக்கிவிடுங்கள்.

கட்டுரை முழுவதும் வராங்கரை யாருமில்லாத வெறும் நிலம் என்றே சொல்லிக்கொண்டு போவதும் எனக்கு வலித்தது. அது வடக்கின் பழங்குடிகளான சாமி இன மக்களின் நிலம். அவர்களுடைய பனிமான் மந்தைகள் இன்றும் அங்கே மேய்கின்றன. மே மாதத்தில் கன்று ஈனுகின்றன. அந்த நேரத்தில் படம் எடுக்கப் பின்னால் ஓடினால் தாயும் கன்றும் பிரிந்துவிடும். நிலத்துக்குள் நீளப் புகுந்த கடலான வராங்கர் ஃபியோர்டின் வடகரையிலுள்ள மோர்டென்ஸ்னெஸில் சுமார் 10,000 ஆண்டுக்கால மனிதக் குடியிருப்பின் தடங்கள் இருக்கின்றன. கற்குவியல்களுக்கு இடையே சாமி முன்னோரின் கல்லறைகளும் உண்டு. கட்டுரையாளர் தம் குடும்பத்தின் நினைவாகக் கல் அடுக்கிவிட்டு வந்த படம் எங்கே எடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியாது. எங்கேயானாலும் அங்கே கல்லை எடுக்கவும் கூடாது, அடுக்கவும் கூடாது. சும்மா கிடப்பதாகத் தெரியும் கல் ஒரு கல்லறையின் மூடியாக இருக்கலாம். 1917ஆம் ஆண்டையோ அதற்கு முந்திய காலத்தையோ சேர்ந்த சாமி மரபுச் சின்னங்கள் யாவும் நோர்வேச் சட்டப்படி தாமாகவே பாதுகாப்புக்குள் வருகின்றன. அப்படி எதுவும் இல்லாத இடத்திலும் கல்லின்மேல் லைக்கன் ஒட்டியிருக்கும். அது மிக மிக மெதுவாகத்தான் வளரும்.

1980களில் இலங்கையிலிருந்து வந்த எங்களில் பலர் வராங்கர் அடங்கிய வடக்கு மாவட்டமான ஃபின்மார்க்கின் கரையோர ஊர்களில் மீன் தொழிற்சாலை வேலையோடுதான் நோர்வே வாழ்க்கையைத் தொடங்கினோம். பின்னர் பெரும்பாலோர் ஒஸ்லோ பக்கம் இறங்கிவிட்டோம். தொழிற்சாலைச் சுவர்களிலும் யன்னல் விளிம்புகளிலும் கிட்டிவேக் என்னும் கடற்காகங்கள் கூடு கட்டும். கோடை முழுவதும் அவற்றின் சத்தத்தில்தான் நாங்கள் மீன் வெட்டினோம். எச்சம் கழுவி அலுத்தவர்கள் திட்டுவதும் உண்டு. இன்று நோர்வேயில் கிட்டிவேக் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கிறது. 1980களிலிருந்து அதன் தொகையில் பெரும்பங்கு குறைந்துவிட்டது. 2023 கோடையில் பறவைக் காய்ச்சல் வந்து வராங்கரின் வாட்சோ நகரப் பக்கம் ஆயிரக்கணக்கில் செத்துக் கரையொதுங்கின. அந்தச் சத்தத்தை இரவும் பகலும் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் செய்தியைத் தாங்குவது எளிதாக இருக்கவில்லை.

ஆகவே கடற்பறவைகள் கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் பாறைகளுக்குப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். வார்டோவிலிருந்து சிறு படகில் போகும் ஹோர்னோயாத் தீவில் போடப்பட்ட பாதையைவிட்டு இறங்காதீர்கள். பஃபின் என்னும் கடற்பறவை மண்ணைத் தோண்டிக் கூடு வைப்பது. மேலே மிதித்தால் கூடு இடிந்துவிடும். கில்லமோட் என்னும் இன்னொரு கடற்பறவை கூடே கட்டாது, வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை இடும். டிரோன் ஒன்று நெருங்கினால் போதும், அத்தனை பறவைகளும் ஒன்றாக எழும், முட்டைகள் கடலுக்குள் உருளும். செத்த பறவையைத் தொடாதீர்கள். ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குப் போகுமுன் சப்பாத்தின் அடியைக் கழுவித் துடையுங்கள்.

நோர்வேயில் பயிரிடாத காட்டிலும் மேட்டிலும் எவரும் நடக்கலாம், வீடுகளுக்கு 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடிக்கலாம். 1957ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை அது. கட்டுரையாளர் அதைப் பாராட்டியது சரியே. அதே சட்டம், போகிறவர் கவனத்தோடு நடந்து, எதையும் கெடுக்காமல் திரும்ப வேண்டும் என்றும் சொல்கிறது. வீதியைவிட்டுக் காரை மேட்டில் ஏற்றுவதற்கு அந்த உரிமை இடம் தரவில்லை. 1977இல் வந்த இன்னொரு சட்டம் அதைத் தடுக்கிறது. மெல்லிய மண்ணும் சிலிர்த்து நிற்கும் சிறு செடிகளும் மட்டுமே உள்ள நிலத்தில் சில்லு பதிந்த தடம் பல பத்தாண்டுகள் அழியாது. தீபகற்பத்தின் உட்பகுதியில் 1,804 சதுர கிலோமீற்றர் பரப்பு 2006 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது. அதன் பெரும்பகுதிக்கு வீதியே கிடையாது. கால்நடையாகத்தான் போக வேண்டும்.

பெரிய கேடுகள் பயணிகளால் வருவதில்லை என்பதை அறிவேன். வெப்பம் ஏறுவது நம் ஒரு பயணத்தால் அல்ல. மரமில்லாத ஆர்க்டிக் நிலத்துக்கு ஜூலை மாதச் சராசரி வெப்பநிலை 10 பாகை செல்சியசை எல்லையாகச் சொல்வார்கள். வராங்கரின் வெளிக்கரை சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. ரக்கோவிட்டா மேட்டில் 2014இலிருந்து காற்றாலைகளும் சுழல்கின்றன. அவற்றைப் பற்றி மேய்ச்சல்காரர்களுக்கு வேறொரு நியாயம் உண்டு. அவற்றையெல்லாம் நாம் தனியாக நிறுத்த முடியாது. சோற்றை நிறுத்த முடியும்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதோடு சேர்த்து இந்தக் கடிதத்தையோ இதன் சாரத்தையோ வெளியிடுங்கள். போக விரும்பும் வாசகர்களுக்கு ஆகஸ்ட் கடைசியையும் செப்டெம்பரையும் பரிந்துரையுங்கள்: கன்றுகள் வளர்ந்திருக்கும், பறவைகள் பாறையைவிட்டுக் கடலுக்குப் போயிருக்கும், நுளம்பும் குறைவு, மேடு முழுவதும் சிவந்திருக்கும். ஜூனில்தான் போவேன் என்பவர்கள் ஊர்களிலிருக்கும் பயணியர் நிலையங்களில் முதலில் விசாரித்து, எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் போகக்கூடாது என்று கேட்டுவிட்டுப் புறப்படட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஒஸ்லோ